நிலம் படாத பந்து

அத்தியாயம் 9

ஐவியின் தம்பி யோசேப் செத்துப்போனவன் என்று அந்த வீட்டில் சொல்லிப் பழகியிருந்தார்கள். ஐவியின் தகப்பன் அப்படிச் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார். போன சனிக்கிழமை அந்தச் செத்தவன் வந்து ஓர்ஸ் ஹில் வீட்டுப் படலையைத் தட்டினான்.

வயது நாற்பதுக்குப் பக்கம். நெற்றி மேலேறியிருந்தது. வலது முழங்கால் லேசில் மடங்காது. மூதூர்ப் பெண்ணைக் கட்டி, மார்க்கம் மாறி, அஸீம் என்ற பெயரில் இலங்கை உதைபந்தாட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கியவன். கொழும்பில் இரண்டு பெரிய கழகங்கள் அவனைப் பயிற்சியாளராக்கக் காத்திருக்கின்றன என்று ரேடியோ சொன்னது. மறுநாள் அதே ரேடியோ வேறு கதை சொன்னது. திருகோணமலையில் பி டிவிசன் விளையாடும் ஹாபர் ரோவர்ஸை அவன் பொறுப்பெடுத்துவிட்டானாம்.

ஹாபர் ரோவர்ஸைக் கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. ஊரிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் கடற்படையைச் சுருட்டிக்கொண்டு போனபோது டொக்யார்டில் வேலை இழந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. போன வருடம் கடைசி இடத்தில் வந்தது. அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான்.

அஸீமைக் கொண்டுவந்தவன் ஐவியின் மகன் கிறிஸ்தோபர். குழுவின் கப்டன். யாருக்கும் சொல்லாமல் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சில் ஏறிப்போய், முகம் நினைவில் இல்லாத மாமனிடம் கேட்டுவிட்டு வந்தான். அதனால் வேலை போனது அவனுடைய தகப்பன் பேணாட்டுக்கு. பேணாட்தான் அதுவரை பயிற்சியாளர். சம்பளம் இல்லாத வேலை. ஆனாலும் அவருக்கு அதுதான் வேலை; துறைமுகக் கொட்டிலில் பார்க்கும் இரவுக் காவலை அவர் வேலையென்று சொன்னதே இல்லை. தன்னைத் தூக்கிவிட்டார்கள் என்ற செய்தியை அவர் தேத்தண்ணிக்கடை ரேடியோவில் கேட்டார்.

தகப்பனும் மகனும் பேச்சை நிறுத்தி ஒரு கிழமையாகிறது. இன்று பருவத்தின் முதல் ஆட்டம்.

*

பேணாட் காவல் முடிந்து வந்தபோது ஐவி குசினி வாசலில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, பெருநாளோ?"

"சாப்பாடு."

"சனிக்கிழமையில பாரையோ?"

"இறைச்சி எண்டால் ஆர் அறுத்தது, என்ன சொல்லி அறுத்தது எண்டு கேள்வி வரும். மீனுக்கு அந்தக் கரைச்சல் இல்லை."

பேணாட் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். விளங்கிவிட்டது.

"அவன் இஞ்ச சாப்பிட வாறானோ?"

"என்ர தம்பி. என்ர வீட்டில சாப்பிடுவான்."

"வீடு ஆற்ற?"

"வாடகை வீடு. ஆற்ற எண்டு வீட்டுக்காரனைப் போய்க் கேளுங்கோ."

அவர் கால் கழுவிக்கொண்டு வந்தார். கையை நீட்டினார். "அலுமாரித் திறப்பைத் தா."

ஐவி தரவில்லை. திறப்பு அவளுடைய இடுப்பில், சாவிக்கொத்தில் இருந்தது. அலுமாரிக்குள் புதுப் பந்து இருந்தது.

அந்தப் பந்துக்கு ஒரு சட்டம் உண்டு. கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது வெள்ளைக்காரன் போத்தல் உடைப்பான். அதைப் பார்த்து வளர்ந்த டொக்யார்ட் ஆட்கள் தங்கள் பந்துக்கும் ஒன்று செய்துகொண்டார்கள். வருடத்தின் முதல் ஆட்டத்தன்று பயிற்சியாளர் புதுப் பந்தை மாதா கோவிலுக்குக் கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கவேண்டும். சுவாமியார் தீர்த்தம் தெளிப்பார். வீட்டிலிருந்து கோவிலுக்கு, கோவிலிலிருந்து மைதானத்துக்கு, பந்து கைமாறிக் கைமாறிப் போகும். நடுவர் விசில் ஊதும்வரை நிலத்தில் படக்கூடாது. இரவில் அது பயிற்சியாளர் வீட்டுக் கூரைக்குக் கீழேதான் கிடக்கவேண்டும். வேறு வீட்டில் வைத்தால் குழு விளங்காது. ஏற்கெனவே விளங்காத குழுதான். ஆனாலும் சட்டம் சட்டம்.

இப்போது பயிற்சியாளர் முஸ்லிம். முழங்காலில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மைதானமோ கோவிலுடையது. மைதானத்தைப் பார்க்கும் கோவில் மூப்பர் தம்பிராசா ஒரே பேச்சாகச் சொன்னார்: இன்றைக்குப் பயிற்சியாளர் முழங்காலில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் நிற்கக்கூடிய ஒருவன் பயிற்சியாளராக வேண்டும்.

அப்படி நடந்தால் அஸீம் பின்னேர லோஞ்ச் ஏறுவான். திரும்பி வரமாட்டான். பதினைந்து வருடம் அடுத்த வீட்டு ரேடியோவில் தம்பியின் பெயரைக் கேட்டு வாழ்ந்தவள் ஐவி. இன்னொரு பதினைந்து வருடத்துக்கு அவளால் ஏலாது.

"திறப்பை ஏன் கேக்கிறீங்கள்?" என்றாள்.

"பாக்க."

"பந்து வட்டமாத்தான் இருக்குது. போய்ப் படுங்கோ."

*

அஸீம் முதல் லோஞ்சில் வந்தான். குசினிக்குள்ளேயே பலகைக் கட்டையில் உட்கார்ந்தான். ஐவி அவனை யோசேப் என்றும் கூப்பிடவில்லை, அஸீம் என்றும் கூப்பிடவில்லை. தம்பி என்றாள். அது எந்த மார்க்கத்திலும் செல்லும்.

"கொழும்புக்காரர் கூப்பிட்டவை தானே. ஏன் போகேல்ல?"

"உங்கட மகன் வந்தவன் அக்கா. முற்றத்தில பொலிஸ்காரன் மாதிரி நிண்டான். 'நீங்கள் எங்களை விட்டிட்டுப் போனனீங்கள், ஒரு சீசனாவது வந்து நில்லுங்கோ' எண்டான். கொழும்பில ஒருத்தரும் எனக்கு ஏசிறேல்ல. எங்க போனாலும் மரியாதை. அலுத்துப்போச்சு."

ஐவி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"பரீதா என்ன சொல்லுறா?"

"ஒரு கிழமையா ஒண்டும் சொல்லுறேல்ல." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கலியாணம் கட்டின கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான். அப்பா திறக்கேல்ல. மத்தியான வெயிலில அந்தப் படலையில நிண்டவள்."

"தெரியும். சன்னலுக்குள்ளால பாத்தனான்."

அஸீம் நிமிர்ந்து பார்த்தான். அவள் சட்டியைக் கிண்டினாள்.

மீனின் நடு முறியை அவன் தட்டில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "தம்பி, முழங்காலில நிண்டா என்ன? அஞ்சு நிமிசம் தானே."

"அப்பாவும் இதைத்தான் கேட்டவர். அஞ்சு நிமிசம் வந்து முழங்காலில நில், எல்லாத்தையும் மறப்பம் எண்டு. அண்டைக்கு நிண்டிருந்தால் பொய். இண்டைக்கு நிண்டாலும் பொய்தான். படி வரைக்கும் வருவன். தொப்பியைக் கழட்டச் சொன்னால் கழட்டுவன். நடிக்க மட்டும் ஏலாது."

"சரி. சாப்பிடு."

"கோவமோ?"

"கோவமெண்டால் நடு முறியைத் தருவனோ?"

*

சோறு முடியும் நேரத்தில் தம்பிராசா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு விறாந்தையில் உட்கார்ந்தார். அப்போதுதான் எழும்பியிருந்த பேணாட் கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரே நின்றார்.

"பேணாட், நேர சொல்லுறன். நீ பந்தைக் கொண்டு வா. நீ முழங்காலில நில். இண்டைக்கே நீ திரும்பக் கோச். மகன் செய்த அநியாயத்துக்கு நான் நியாயம் செய்யிறன்."

குசினிக்குள் மூன்று பேருக்கும் அது கேட்டது. கிறிஸ்தோபர் பின்கதவால் வந்து நின்றிருந்தான். முன்னுக்குப் பாய்ந்தவனை ஐவி கையால் மறித்தாள். மீன் நாற்றம் அடித்த கை.

"என்ன, யோசிக்கிறாய்?" மூப்பர் குரலை உயர்த்தினார். உள்ளே இருப்பவனுக்கும் கேட்கட்டும் என்பதுதான் எண்ணம். "பேரை மாத்தி, கடவுளை மாத்தினவன். நாளைக்குக் குழுவையும் மாத்துவான்."

உள்ளேயிருந்து அஸீம் சொன்னான்: "பேரை மாத்தினனான் மூப்பர். காலை மாத்தேல்ல. அதைத்தான் இவங்கள் கேட்டவங்கள்."

"நான் உன்னோட கதைக்கேல்ல!"

"அப்ப மெல்லமாக் கதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டு ஐவி வெளியே வந்தாள். "சாப்பிடுற ஆள் உள்ள இருக்கு."

மூப்பர் எழும்பினார். "பிள்ளை, உன்ர தகப்பன் இருந்திருந்தால்..."

"இருந்திருந்தால் இண்டைக்கும் படலையைப் பூட்டியிருப்பார். செத்திட்டார். இப்ப திறப்பு என்னட்ட."

மூப்பர் பேணாட்டைப் பார்த்தார். பேணாட் நிலத்தைப் பார்த்தார். "மூண்டு மணிக்குக் கோவிலடியில நிப்பன்" என்றார் மெதுவாக.

ஓம் என்று அதற்கு அர்த்தம். எல்லோருக்கும் விளங்கியது. மூப்பர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பேணாட் திரும்பி மனைவியிடம் கை நீட்டினார். "ஐவி, என்னட்ட வேற ஒண்டும் இல்லை. உனக்குத் தெரியும். டொக்யார்ட்டை எடுத்தாங்கள், சும்மா இருந்தன். இதையும் எடுத்தால் நான் ஆர்? சாமான் மூட்டைக்குக் காவல் நிக்கிற ஒருத்தன்."

அவர் சொன்னது உண்மை. ஐவிக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் மறுத்தாள்.

"பந்தை நான் கொண்டு வாறன். உங்கட கையில தாறனோ அவன்ர கையில தாறனோ எண்டு அங்க பாருங்கோ."

"பொம்பிளையள் அதைத் தொடுறேல்ல."

"வருசக்கணக்கா உங்கட பந்துக்கு எண்ணெய் பூசினது ஆர்? தொடாமலோ பூசினனான்?"

*

மூன்று மணிக்குக் கோவிலடியில் கூட்டம் நின்றது. கச்சான் காற்று வீதிப் புழுதியை வாரி எறிந்துகொண்டிருந்தது. குழுவின் பொடியன்கள் நீலச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். எதிர்த்து ஆடவிருந்த சாம்பல்தீவுக் குழுவிலிருந்து சிலர் விடுப்புப் பார்க்க வந்திருந்தார்கள். மைதானத்தைவிட இங்கே நல்ல ஆட்டம் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுவாமியார் தீர்த்தச் செம்போடு படியில் நின்றார். "எனக்கு நாலு மணிக்கு ஒரு ஞானஸ்நானம் இருக்கு. ஆர் எண்டு முடிவெடுங்கோ" என்றார்.

படிக்கு ஒரு பக்கத்தில் பேணாட். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். மற்றப் பக்கம் வீதிக்கு அப்பால் அஸீம். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். கிறிஸ்தோபர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒருவரையும் பார்க்காமல் இருந்தான்.

ஐவி வந்தாள். பந்து இரண்டு கைகளிலும் இருந்தது. எண்ணெய் பூசிய புதுத்தோல் வெயிலில் மினுங்கியது. கூட்டம் விலகி வழிவிட்டது.

அவள் பேணாட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். பேணாட் இரண்டு கைகளையும் நீட்டினார். மூப்பர் மூச்சு விட்டார்.

ஐவி பந்தை விட்டுவிட்டாள்.

தவறி விழவில்லை. கைகளை விரித்து, எல்லோரும் பார்க்கத்தக்கதாக விட்டாள். பந்து தாரில் அடித்து எழும்பியது. மறுபடி அடித்தது. ஒருவரும் அசையவில்லை, அதைத் தொடுவதா வேண்டாமா என்று யாருக்கும் சட்டம் தெரியவில்லை. அது சரிவில் உருண்டு வீதியைத் தாண்டிக் கழிவுநீர்க் கானை நோக்கி ஓடியது.

அஸீமின் இடது கால் முன்னே வந்தது. அவ்வளவுதான். பந்து அந்தக் காலுக்குக் கீழே செத்த எலி மாதிரிக் கிடந்தது.

சாம்பல்தீவுக்காரன் ஒருவன் தன்னை மறந்து "ஐயோ!" என்றான்.

"பட்டிட்டுது" என்றாள் ஐவி. குரல் உயரவில்லை. "இனி அதுக்குக் கோவிலும் தேவையில்லை, முழங்காலும் தேவையில்லை. காலால அடிக்கிற சாமான். ஆருக்குக் காலிருக்கோ அவன் எடுக்கட்டும்."

மூப்பருக்கு முகம் கறுத்தது. "பேணாட்! பொஞ்சாதியை அடக்கத் தெரியாதவன் பதினொரு பேரை எப்பிடி அடக்குவாய்?"

பேணாட்டின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. அவர் அவற்றை மெல்ல இறக்கினார். மனைவியைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று கிறிஸ்தோபர் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"என்ர பொஞ்சாதியை நான் பாத்துக்கொள்ளுவன், மூப்பர். நீங்கள் கோவிலைப் பாருங்கோ."

சொல்லிவிட்டு அவர் வீதியைக் கடந்தார். அஸீமுக்கு முன்னால் போய் நின்றார். படலை தட்டிய நாளிலிருந்து இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. பேணாட் குனிந்து பந்தை எடுத்தார். இரண்டு பெருவிரல்களாலும் அழுத்திப் பார்த்தார்.

"காத்துக் காணாது, மச்சான்" என்றார். "இந்தக் காத்தோட ஆடினால் பறக்கும். இறுக்க வேணும்."

"ஓம் அத்தான். நானும் பாத்தனான்."

"என்ர சைக்கிளில பம்ப் இருக்கு, ஆராவது எடுத்துக்கொண்டு வாங்கோ!" என்று பேணாட் பொதுவாகக் கத்தினார். நாலு பேர் ஓடினார்கள்.

சுவாமியார் செம்பைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டார்.

*

ஹாபர் ரோவர்ஸ் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழமையில் எவனும் எவனையும் மாற்ற முடியாது. முதல் பாதியில் அஸீம் கைகட்டி நின்றான். பத்தடி தள்ளி பேணாட் நின்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது பாதியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கோல்காவலனை ஏசினார்கள். கிறிஸ்தோபர் ஒன்று அடித்தான். அடித்ததும் வழக்கம்போலத் தகப்பன் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு நினைவு வந்து வேறு பக்கம் பார்த்தான்.

ஆட்டம் முடிந்து வந்தவனைப் பேணாட் மறித்தார்.

"கடைசியில ஏன் வலத்துப் பக்கம் திரும்பினனீ?"

"மாமா சொன்னவர்."

"மாமா சொன்னது சரி. நீ திரும்பினது பிழை. காலைப் பார்க்காமல் ஆளைப் பாத்தனீ."

"சரி அப்பா."

அவர்களுடைய சமாதானம் இவ்வளவுதான்.

மூப்பர் மைதானத்து வாசலில் காத்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்கள் தானே? நிலத்தில பட்ட பந்து. பலனைப் பாத்தீங்கள் தானே?"

"போன வருசம் நிலத்தில படாத பந்தோட அஞ்சு வாங்கினம்" என்றார் பேணாட். "இண்டைக்கு ரெண்டு."

தோற்றுப்போன பதினொரு பேரும் சிரித்தார்கள். மூப்பருக்கு அதுதான் பொறுக்கவில்லை. "திங்கக்கிழமையிலயிருந்து ஒருத்தரும் இந்த மைதானத்தில கால் வைக்கக்கூடாது. படலைக்குப் பூட்டுப் போடுவன்!"

"போடுங்கோ" என்றான் கிறிஸ்தோபர். "கடற்கரை இருக்கு. மணலுக்குப் படலை இல்லை."

மூப்பர் அஸீமைப் பார்த்தார். அவனாவது பயப்படுவான் என்று நினைத்தாரோ என்னவோ. அஸீம் சப்பாத்து வாரை அவிழ்த்துக்கொண்டு, நிமிராமலே சொன்னான்: "மணலில ஓடினால் கால் பலக்கும். திங்கக்கிழமை விடிய எல்லாரும் வாங்கோ."

இருக்கப்போகிறான். ஐவிக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அவள் போதும் என்று நிற்கவில்லை.

கிறிஸ்தோபர் பழக்கத்தில் பந்தைத் தாயிடம் கொண்டு வந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"ஏன் எனக்குத் தாறாய்? கோச் வீட்டில தானே பந்து கிடக்கவேணும்?"

எல்லோரும் அஸீமைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, என்ர வீடு மூதூரில."

"ஓம், எனக்கும் தெரியும். கடைசி லோஞ்ச் போயிட்டுதோ?"

"இன்னும் இல்லை. ஏன்?"

"இத்தினை வருசம் பந்தைப் பாத்தவள் நான். புது இடத்தில ஒப்படைக்க வேணாமோ? நான்தான் கொண்டு வருவன்."

அஸீம் அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். குரலைத் தாழ்த்தினான். "பரீதா கதவு திறப்பாவோ எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து அவமானப்பட வேணாம்."

"திறக்காட்டிப் படலையில நிப்பன். அவள் நிண்டவள் தானே."

பேணாட்டுக்கு இரவு வேலை. போக முடியாது. போகாதே என்றும் அவர் சொல்லவில்லை. சைக்கிளில் கட்டியிருந்த பம்பை அவிழ்த்துக்கொண்டு வந்து ஐவியின் கையில் வைத்தார்.

"இதையும் கொண்டு போ. அங்க இருக்குமோ தெரியாது."

லோஞ்சில் சனம் குறைவு. அரிசிச் சாக்குகள், இரண்டு ஆடு, கிண்ணியாக்காரக் குடும்பம் ஒன்று. கொட்டியாரக் குடாவில் காற்று எதிர்த்து அடித்தது. தண்ணீர் ஏறி ஐவியின் சேலையை நனைத்தது. இந்தக் குடாவை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள் இன்றுதான் அதைக் கடக்கிறாள். மடியில் பந்து இருந்தது. ஈரமான பலகையில் அது அடிக்கடி நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். அதைப்பற்றி இனி யாருக்கும் பயமில்லை.

மூதூர் இறங்குதுறை தெரிந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. மரப்பாலத்தின் முனையில் ஒரு பெண் நின்றாள். தலையில் வெள்ளை முக்காடு. காற்றில் அது அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை; இரண்டு கைகளையும் மார்பில் கட்டியிருந்தாள்.

அஸீம் பாதி எழும்பி, பிறகு உட்கார்ந்தான்.

"அது பரீதா" என்றான். "அவ ஒருநாளும் லோஞ்சடிக்கு வாறேல்ல."

கணவனைக் கூட்டிப்போக வந்தாளா, கரை ஏறவிடாமல் திருப்பி அனுப்ப வந்தாளா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

லோஞ்ச் பாலத்தில் இடித்து நின்றது. ஐவி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையில் பம்போடு, தம்பிக்கு முன்னால் எழும்பினாள்.